பேரருவியில் நடந்த ஞானஸ்நானம்

தனக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்படுகிறது என்று தெரியாமலே ஒரு பெண்மணி ஞானஸ்நானம் பெற்றுவிட்டால், அது பரலோகத்தில் செல்லுமா, செல்லாதா?

இந்தக் கேள்வியை எங்கள் போதகரிடம் இரண்டு முறையும், என் கணவரிடம் ஒரு முறையும், ஜெபத்தில் பல முறையும் கேட்டுவிட்டேன். போதகர் முதல் முறை பதில் சொன்னார். இரண்டாம் முறை அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கணவர் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். மூன்றாமவர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு வேலை அதிகம்.

கடைசி வாக்கியத்தை அடித்துவிடலாமா என்று சற்று நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேவனைப் பற்றி அப்படி எழுதுவது பாவமாக இருக்கலாம். ஆனால் பாவமென்றால் நினைத்தபோதே செய்தாகிவிட்டது என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அடித்து என்ன பயன்? இருக்கட்டும்.

நான் பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். கலியாணமாகித் தென்காசிக்கு வந்தேன். கணவருக்கு இரும்புக்கடை. எங்கள் சபையில் படித்த பெண் ஒருத்தி புதிதாக வந்தால், அவளுக்கு விருப்பம் உண்டா என்று கேட்கிற வழக்கமில்லை. ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு வகுப்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எனக்குச் சின்னப் பிள்ளைகளின் வகுப்பு கிடைத்தது. உலகம் உண்டானது முதல் வாரம். இரண்டாம் வாரம் பழத்தைத் தின்றாயிற்று. மூன்றாம் வாரத்துக்குள், பால்பல் விழுவதற்கு முன்பாகவே, ஒவ்வொரு பிள்ளையும் தான் ஒரு பாவி என்று தெரிந்துகொண்டுவிட வேண்டும். ஒரு பையன் எழுந்து, "டீச்சர், நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று கேட்டான். வீட்டில் போய் யோசித்துப் பார், தெரியும் என்று சொல்லி அனுப்பினேன். யோசித்துவிட்டு அடுத்த வாரம் வந்து, தன் தம்பி செய்த பாவங்களை வரிசையாகச் சொன்னான். எங்கள் சபையின் பெரியவர்களும் அதே முறையில்தான் யோசிக்கிறார்கள் என்பதால், நான் அவனைத் திருத்தவில்லை.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில், புறவாசலில் இடுப்பளவுச் சுவர் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் இருப்பவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நான் அக்கா என்பேன். என் மகள் பெரியம்மா என்பாள். சைவக் குடும்பம். இலத்தூர்ப் பக்கம் வயல்கள் உண்டு. அவர் மாமனார் காலத்திலிருந்து கோயில் திருவிழாவில் ஒரு நாள் செலவை ஏற்கிற கட்டளை அவர்கள் வீட்டுக்கு. காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டுதான் அடுப்புப் பற்ற வைப்பார்.

நயா பைசா வந்த வருஷம் என் மகள் பிறந்தாள். அவளுக்கு மூன்று மாதமும், ஞானஸ்நானம் கொடுத்து ஒரு வாரமும் ஆகியிருந்தபோது எனக்கு டைபாய்டு வந்தது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். புட்டிப்பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது. யாரும் கேட்காமலே வந்து என் பிள்ளையைத் தூக்கிப் போய், ஒரு பக்கம் தன் பிள்ளையும் மறுபக்கம் என் பிள்ளையுமாக நாற்பது நாளும் பால் கொடுத்தார். நான் உயிரோடு திரும்பி வந்தபோது, சபையின் மாதர் சங்கத்திலிருந்து நான்கு பேர் பார்க்க வந்து ஜெபம் செய்தார்கள். போகும்போது ஒருவர் என் காதோரம் குனிந்து, "பால் குடுக்கும்போ அந்தம்மா துன்னூறு பூசியிருந்தாவளோ?" என்று கேட்டார். பூசியிருந்தார்தான். பாலின் நிறம் மாறவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு நல்ல பதில்கள் எல்லாம் ஆட்கள் தெருமுனை தாண்டிய பிறகே வரும்.

மகளுக்கு ஆறு வயதாகி முடிந்த மே மாதத்தில், எங்கள் ஊரில் மூன்று நாள் நற்செய்திக் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். பெரியவர்களுக்கு இரவில் கூட்டம். பிள்ளைகளுக்கு மாலை நான்கு மணிக்கு. வெள்ளை வேட்டி, வெள்ளை ஜிப்பா, கையில் நீளமான பிரம்பு, பின்னால் ஒரு கம்பியில் தொங்கும் வர்ணப்படங்கள். மோட்சத்துக்கு ஒரு படம் வைத்திருந்தார். பொன் வீதி, வெள்ளை உடை, பாட்டு. இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டார். நரகத்துக்கு ஏழு படங்கள். அதைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் முகத்தில் சொந்த ஊரைப் பற்றிப் பேசுகிற ஒரு தெளிவு வந்தது. எங்கே எவ்வளவு ஆழம், எந்தப் பாவத்துக்கு எந்த இடம், ஞானஸ்நானம் பெறாதவர்களுக்கு எது, தாகத்துக்கு என்ன கொடுப்பார்கள், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஒரு தீக்குச்சியைக் கிழித்து, முன்வரிசைப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, விரலைப் பக்கத்தில் கொண்டுவரச் சொன்னார். "சுடுதா? ஒரு குச்சிக்கே இப்படின்னா?" பிள்ளைகள் கையை இழுத்துக்கொண்டன. "இது ஒரு நொடி. அங்கே எவ்வளவு நாள் தெரியுமா? குற்றால அருவித் தண்ணீர் முழுவதையும் ஒரு சின்னக் கரண்டியால் மொண்டு மொண்டு வற்ற வைக்கிற காலம் வரைக்கும். அப்புறமும் முடியாது."

பின் பாயில் மற்றத் தாய்மாரோடு உட்கார்ந்திருந்த எனக்கும் உடம்பு சிலிர்த்தது. நல்ல பிரசங்கம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் மகள் கேட்டாள்:

"அம்மா, அருவி வத்துனா முடிஞ்சிருமா?"

"முடியாதுன்னுதான சொன்னாங்க."

"அருவிதான் வருஷா வருஷம் வத்துதே. இப்ப கூட தண்ணி இல்லன்னு அப்பா சொன்னாங்கள்லா. அப்போ சீசன் வாரதுக்குள்ள எல்லாரையும் வெளிய விட்டுருவாங்களோ?"

வெளியூர்ப் பிரசங்கியார் மே மாதத்தில் அந்த உதாரணத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. நான் அப்போது, "பேசாம வா" என்றேன். நாலு அடி தள்ளி அடுத்த கேள்வி வந்தது.

"அம்மா, பெரியம்மா அங்கயா போவாங்க?"

இதற்கு எங்கள் விடுதிப் பள்ளியில் ஒரு பதில் வைத்திருந்தார்கள். இருபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொல்லத் தகுந்த பதில். அதை எடுத்துச் சொன்னேன். "அது கர்த்தருக்குத்தான் தெரியும்."

"பிரசங்கியாருக்குத் தெரியுதே."

"அவர் பொதுவாச் சொன்னாரு."

"பெரியம்மா ஞானஸ்நானம் எடுக்கல்லலா?"

"எடுக்கல்ல."

"அப்போ பொதுவுல பெரியம்மாவும் உண்டும்லா."

என் பிள்ளை புத்திசாலி என்று அதுவரை பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அவள் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுக்குப் போவாள். பெரியம்மாவின் மடியில் ஏறிக்கொண்டு கழுத்தைக் கட்டிக்கொள்வாள். கேட்டால் ஒன்றும் சொல்லமாட்டாள். அக்கா அடுப்பில் விறகைத் தள்ளும்போது மட்டும், "கைய எடுங்க பெரியம்மா, கைய எடுங்க" என்று கத்துவாள். ஒரு நாள் சீனி டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளித் தின்றுவிட்டு, நேரே என்னிடம் வந்து நின்று, "நான் திருடினேன்" என்றாள். பள்ளிக்கூடம் திறந்ததும் அங்கே எதிர்வீட்டுப் பிள்ளையைக் கிள்ளிவிட்டு வந்து, "கிள்ளல்லன்னு பொய்யும் சொன்னேன்" என்றாள். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டபோது அழுதுகொண்டே சொன்னாள்: "ஒரு பாவம் செஞ்சாக்கூட அங்கதான்னு சொன்னாங்கள்லா. பெரியம்மா தனியா இருந்தா பயப்படுவாங்க."

ஒரு தாய் இதைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது செய்வதைச் செய்தேன், டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் நாக்கைப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், பூச்சி மருந்து எழுதிக் கொடுத்தார். நரகத்தில் சாகாத புழு உண்டு என்று பிரசங்கியார் சொல்லியிருந்தார். தென்காசியில் ஒரு அவுன்ஸ் மருந்தில் எல்லாம் செத்துப் போயின. பிள்ளை மட்டும் அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் மெலிந்தது.

என் கணவரிடம் சொன்னேன். "பிள்ளை மறந்துரும். நீ கிளறிக்கிட்டே இருக்காத" என்றார். நான் கிளறினேனா? ஒரு வாரம் முழுக்க அதையே யோசித்தேன். ஒருவேளை கிளறினேனோ என்னவோ.

ஜூன் மாதம் ஓய்வுநாள் பாடசாலையில் ஞானஸ்நானத்தைப் பற்றிய பாடம் வந்தது. என் மகளும் என் வகுப்பில்தான். பாடம் நடத்தும்போது, பிள்ளைகளுக்குச் சுவாரஸ்யமாக இருக்கட்டும் என்று எங்கள் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொன்னேன். என் கடைசித் தம்பி பிறந்தவுடனே நீலம்பாரித்துப் போனான். போதகர் வருவதற்குள் போய்விடுவானோ என்று பயந்து, ஆஸ்பத்திரி நர்ஸம்மாவே தலையில் தண்ணீர் ஊற்றித் திரியேக நாமத்தைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்தார். அவன் பிழைத்துவிட்டான். அந்த ஞானஸ்நானம் இன்றைக்கும் செல்லும். அவசரமென்றால் ஞானஸ்நானம் பெற்ற எவரும் கொடுக்கலாம்.

என் மகள் கை தூக்கினாள். "சின்னப் பிள்ளைங்க குடுக்கலாமா?"

நான் டீச்சராக இருந்தேன், தாயாக யோசிக்கவில்லை. "அவசரம்னா குடுக்கலாம்" என்றேன். சபையின் ஒழுங்குப்படி சரியான பதில். பரீட்சையில் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

ஜூலையில் சாரல் பிடித்தது. வருஷந்தோறும் அக்கா வீட்டில் ஒரு நாள் குற்றாலத்துக்குக் கிளம்புவார்கள். அந்த வருஷம் என்னையும் மகளையும் அழைத்தார். "பிள்ள வாடிக் கெடக்கு. நாலு மட்டம் அருவியில நனைஞ்சா எல்லாம் சரியாப் போயிரும். நீயும் வா, ஒனக்கும் மண்டைச் சூடு." எலுமிச்சம்பழச் சோறு, புளிச்சோறு, துவையல், ஒரு தூக்குச்சட்டி நிறைய நல்லெண்ணெய் எல்லாவற்றோடும் பஸ் ஏறினோம். அன்று காலையிலிருந்தே என் மகள் வழக்கத்தைவிட ஒழுங்காக இருந்தாள். கேட்காமலே ஜெபம் செய்தாள். நான் பூச்சி மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

பேரருவியில் பெண்கள் குளிக்கிற பக்கம் கூட்டம் நெரிந்தது. பாறையில் உட்கார்ந்து அக்கா தலையிலும் என் மகள் தலையிலும் எண்ணெய் வழிய வழியத் தேய்த்து, மேலே சீயக்காய்த் தூளையும் அப்பினார். பிறகு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் நுழைந்தார். நான் ஒரு கையால் பிடிமானக் கம்பியையும் மறுகையால் அக்காவின் சேலையையும் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். "நவுருங்கம்மா, நீங்களே நின்னுக்கிட்டிருந்தா எப்படி?" என்று முதுகில் யாரோ இடித்தார்கள். தண்ணீர் விழுகிற சத்தத்தில் என் மகள் வாயிலிருந்து வந்தது எதுவும் எனக்குக் காதில் விழவில்லை. ஆனால் பார்த்தேன்.

என் மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, அக்காவின் தலைமேல் வலது கையை வைத்தாள். எங்கள் போதகர் வைக்கிற அதே விதத்தில், விரல்களைச் சேர்த்து. அவள் உதடுகள் அசைந்தன. ஒரு முறை தட்டினாள். மறுபடி உதடு அசைந்தது, தட்டினாள். மூன்றாம் முறையும் தட்டினாள். பிதாவுக்கு ஒன்று, குமாரனுக்கு ஒன்று, பரிசுத்த ஆவிக்கு ஒன்று. தண்ணீரைப் பற்றிக் குறை சொல்ல யாராலும் முடியாது. எங்கள் திருமண்டலத்தின் எந்தச் சபையிலும் அவ்வளவு தாராளமாகத் தண்ணீர் ஊற்றி ஒரு ஞானஸ்நானம் நடந்திருக்கவே முடியாது. சீயக்காய்த் தூள் நுரைத்துக் கண்ணில் இறங்க, அக்கா "ஏட்டி, கண்ணு எரியுதுட்டி" என்று சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் ஏதாவது செய்திருக்க வேண்டும். கையைப் பிடித்துத் தடுத்திருக்கலாம். அல்லது முழங்காலிட்டிருக்க வேண்டுமோ? வழுக்குப் பாறையில் எங்கே முழங்காலிடுவது? கம்பியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். முக்கியமான நேரங்களில் நான் செய்வது பெரும்பாலும் அதுதான்.

ஈரம் துவட்டி, புதுச்சேலை மாற்றி, புதிதாகத் திருச்சபையில் சேர்ந்த அக்கா நேரே குற்றாலநாதர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். நான் என் மகள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு அதில் கலக்கமே இல்லை. இலையை முன்னால் இழுத்துக்கொண்டு, மூன்று முறை எலுமிச்சம்பழச் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். இரண்டு மாதமாகக் கண்ணைச் சுற்றிக் கிடந்த கருப்பு அந்த ஒரு வாரத்திலேயே போயிற்று. பள்ளிக்கூடத்தில் யாரையும் கிள்ளவில்லை. சீனி டப்பா பத்திரமாக இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் கடமை தவறாதவள். அடுத்த வாரம் போதகரைப் பார்க்கப் போனேன்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்போம். நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு ஐயர் கேட்ட முதல் கேள்வி: "யாராவது பார்த்தாங்களா?"

"நான் மட்டுந்தான் ஐயா. அவங்களுக்கே தெரியாது."

"நல்லதாப் போச்சு. கட்டளைக்காரர் வீடு. தெரிஞ்சா, பிள்ளையை விட்டு மதம் மாத்துதாங்கன்னு ஊர் பூரா பேச்சாயிரும்." ஆத்துமாக்களை ஆதாயம் செய்ய வேண்டும் என்று ஞாயிறுதோறும் பீடத்திலிருந்து எங்களை வற்புறுத்துகிறவர், ஒரு ஆத்துமா ஆதாயமாகியிருக்கலாம் என்று கேட்டதும் எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினார்.

"அப்போ, அது செல்லுமா ஐயா?"

"செல்லாதும்மா. விசுவாசம் வேணும். தனக்கு என்ன நடக்குன்னு தெரிஞ்சிருக்கணும். அந்தம்மாவுக்கு ரெண்டும் இல்லியே. பிள்ளைகிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்லிருங்க, அது வெளையாட்டு, செல்லாதுன்னு."

பக்குவமாகச் சொல்வதற்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று எழுந்திருப்பேன்; அவள் தட்டில் மீதி வைக்காமல் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு நாளைக்குத் தள்ளிவைப்பேன். உண்மையை மறைப்பது பாவம். தெரிந்தே ஒரு பிள்ளையைத் திரும்ப அந்தத் தீக்குச்சி முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது புண்ணியமா? எது சின்னப் பாவம் என்று பார்த்துச் செய்யலாமென்றால், பாவத்தில் சின்னது பெரியது இல்லை என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை தலை பின்னிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். பின்னால் உட்கார்ந்து சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

"அன்னைக்கு அருவியில நீ பெரியம்மாவுக்குச் செஞ்சியே, அது உண்மையான ஞானஸ்நானம் இல்லம்மா. செல்லாது."

அவள் திரும்பவில்லை. "ஏன்?"

"பெரியம்மாவுக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியாதுல்லா. தெரியாமக் குடுத்தா செல்லாது."

"எனக்கு ஐயர் குடுத்தப்போ எனக்குத் தெரியுமா?"

சிக்கு ஒன்றைப் பிரித்தேன்.

"நீ கைக்குழந்தை."

"தூங்கிக்கிட்டு இருந்தேன்னு நீங்கதானம்மா சொன்னீங்க."

"ஒனக்காக ஞானத்தாய் பதில் சொன்னாங்க. இவ விசுவாசிக்கான்னு அவங்க ஏத்துக்கிட்டாங்க."

"பெரியம்மாவுக்காக நான் சொன்னேன். எல்லாக் கேள்வியும் நானே கேட்டு, எல்லாத்துக்கும் ஆமான்னு நானே சொல்லிட்டேன். முந்துன நாளே சொல்லி வச்சுட்டேன். அருவியில நேரம் பத்தாதுல்லா."

பின்னலை அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து பின்னினேன். மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் போய் இந்த வாதத்தை அப்படியே சொன்னேன். அவர் அங்கியைக் கழற்றி மடித்தார். மடித்ததை ஒரு முறை பிரித்து மறுபடி மடித்தார். "செல்லாதுன்னு அன்னைக்கு நான் அறுதியாச் சொல்லல்லியே" என்றார். பிறகு, "பிள்ளை எந்த வகுப்பு படிக்கி?" என்று கேட்டார். ஒன்றாம் வகுப்பு முடிந்து இரண்டாம் வகுப்பு என்றேன். "நல்லாப் படிக்க வையுங்க" என்றார்.

இவ்வளவுதான் என்றால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். பரலோகத்தில் செல்லுமா என்பதை அங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளை சாப்பிடுகிறது, தூங்குகிறது. நானும் மெதுவாகத் தூங்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயாயிற்று. புறவாசலில் நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அக்கா சுவரின் அந்தப் பக்கம் வந்து கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கேன். ஒளிக்காமச் சொல்லுதியா?"

"கேளுங்கக்கா."

"ஒம் மவ எல்லாத்தையுஞ் சொல்லிட்டா."

கீரைக்காம்பு கையில் ஒடிந்தது. எங்கிருந்து மன்னிப்புக் கேட்கத் தொடங்குவது என்று வார்த்தைகளைத் தேடினேன். அவர் கையை வீசித் தடுத்தார்.

"கொஞ்சம் இருட்டி. நான் கோவப்படல்ல. அன்னைக்கு அருவியில மூணு மட்டம் மண்டையத் தட்டுனாள்லா, எண்ணெ போகல்லன்னு பாக்காளாக்கும்னு நெனச்சேன். நேத்து மடியில ஏறி உக்காந்துக்கிட்டுச் சொல்லுதா, பெரியம்மா, இனிமே நீங்க பயப்பட வேண்டாம், ஒங்களத் தீயில போட மாட்டாங்கன்னு. யாருட்டி என்னையத் தீயில போடப் போறதுன்னேன். எங்க சாமிதான், ஆனா இப்ப போட மாட்டாருன்னா."

அக்கா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

"எங்களுக்கும் நரகம் உண்டும்ட்டி. எண்ணெக் கொப்பரையெல்லாம் உண்டு. ஆனா தண்டனை அனுபவிச்சுட்டு மறுபடி பொறந்துக்கிடலாம். ஒங்களுக்கு வெளிய வர வழியே கெடயாதாமே?"

"அப்படித்தான் சொல்லுதாங்க அக்கா."

"சொல்லுதாங்கன்னா? நீ சொல்லிக் குடுக்கேல்லா. வாராவாரம் சேலையக் கட்டிக்கிட்டுப் போறியே, இதத்தான?"

நான் அடுத்த காம்பை எடுத்து உருவினேன். அக்காவின் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. ஆனால் அது முடிந்துபோன சிரிப்பு.

"ஏழு வருஷமாப் பக்கத்துல இருக்கோம். என் அடுப்புல பால் பொங்குனா, இங்கன நின்னு 'அக்கா, பால் பொங்குது'ன்னு கத்துத. கொடியில சேல மழையில நனைஞ்சா ஓடியாந்து எடுத்துப் போடுத. போன பொங்கலுக்கு எடுத்த பச்சைச் சேல எனக்கு நல்லால்லன்னுகூடச் சொன்ன. நான் போய்த் தீயில விழப் போறேன்னு ஒனக்குத் தெரியும். எந்திரிக்கவே முடியாத தீயி. அத மட்டும் ஏன்ட்டி ஒரு வார்த்த சொல்லல்ல? ஆறு வயசுப் பிள்ளைக்குப் பதறுன பதட்டம் ஒனக்கு இல்லாமப் போச்சே."

"அக்கா, அப்படி இல்லக்கா..."

"ரெண்டுல ஒண்ணுதான இருக்கணும். ஒனக்கே அதுல நம்பிக்க இல்ல. இல்லன்னா, இவ போனாப் போறான்னு இருந்துட்ட. எதுன்னாலும் சொல்லு. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

படித்தவள் நான். விடுதியில் பேச்சுப் போட்டியில் இரண்டு முறை பரிசு வாங்கியவள். உள்ளே போய்க் காப்பி போட்டுக் கொண்டுவந்து சுவர் மேல் வைத்தேன். அக்கா குடித்தார். "சீனி காணாது" என்றார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லு. இப்பவேன்னு இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். நம்பிக்கை இல்லை என்று சொல்லட்டுமா? அப்படியென்றால் வாரந்தோறும் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் நின்று நான் செய்துவருவது என்ன? நம்பிக்கை உண்டு என்று சொல்லட்டுமா? அப்படியென்றால் என் பிள்ளைக்குப் பால் கொடுத்தவர் எரியப் போகிறார் என்று தெரிந்தும், ஏழு வருஷமாகக் கீரையைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். மரியாதைக்காகச் சொல்லவில்லை என்று ஒரு மூன்றாவது பதிலையும் தயார் செய்து பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். பால் பொங்குவதற்கு மரியாதை பார்க்காதவள் இதற்கு மட்டும் ஏன் பார்த்தாள் என்று அக்கா கேட்பார். கேட்கத்தான் செய்வார்.

அவர் மறுபடி அதை எடுக்கவில்லை. வழக்கம்போலக் குழம்பு அனுப்புகிறார். என் மகளுக்குத் தலை பார்க்கிறார். சுவர் பக்கம் வந்தால் நல்லபடியாகப் பேசுகிறார். பேச்சு முடிந்த பிறகும் சற்று நேரம் நிற்கிறார். நான் சொல்லுவேனோ என்று நிற்கிறார். நான் அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விடுகிறேன். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

இதைப் படிக்கிறவர்களில் என் சபையைச் சேர்ந்தவர்களும் இருப்பீர்கள், அக்காவைப் போலத் திருநீறு பூசுகிறவர்களும் இருப்பீர்கள். தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். வசனம் வேண்டாம், வசனங்கள் எனக்கு மனப்பாடம். எனக்காக ஜெபிப்பதாகவும் எழுத வேண்டாம், அதையும் நிறையப் பேர் செய்கிறார்கள். அந்தச் சுவரின் இந்தப் பக்கம் நீங்கள் நின்றுகொண்டிருந்தால், அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து என்ன சொல்லியிருப்பீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். அவர் பொறுமைசாலிதான். இருந்தாலும் எவ்வளவு நாள்தான் அவரை நிற்க வைப்பது?